ஊசி போட்ட மாடும் நோய் கண்ட மாடும்



ஒரு மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுக்கிறோம். அதை வைத்துக்கொண்டு, அந்த மாட்டுக்குக் கோமாரி வந்துபோனதா, கோமாரித் தடுப்பூசி மட்டும் போட்டதா என்று சொல்ல முடியுமா? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். கேட்பதற்கு ஆய்வகத்துக்குள் அடங்கிவிடும் கேள்வியாகத் தோன்றும். ஆனால் லட்சக்கணக்கான கால்நடைகள் பிழைத்ததும் செத்ததும் இதற்கான விடையைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி வெடித்தது. 1990இல் வட இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஓ வகை வைரஸின் கிளைதான் பத்தாண்டுகளில் பல நாடுகளைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 2,026 இடங்களில் நோய் உறுதியானது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. பிரிட்டன் கடைசிவரை தடுப்பூசியைத் தொடவில்லை.

மார்ச் மாதத்தில் நோய் நெதர்லாந்துக்குள்ளும் வந்தது. அயர்லாந்தில் வாங்கிய கன்றுகளை லாரியில் கொண்டுவரும் வழியில் பிரான்சில் இறக்கி இளைப்பாறவிட்டார்கள். அங்கேதான் அவற்றுக்குத் தொற்றியது. டச்சுக்காரர்கள் பிரிட்டனைப் பார்த்துப் பாடம் கற்றவர்களாகத் தடுப்பூசியைக் கையில் எடுத்தார்கள். நோய் கண்ட பண்ணைகளைச் சுற்றி ஏறக்குறைய 2 லட்சம் கால்நடைகளுக்கு ஊசி போட்டார்கள். நோய் அடங்கியது. மொத்தமே 26 பண்ணைகளில்தான் அது உறுதியானது. அதன் பிறகு, ஊசி போட்ட அத்தனை கால்நடைகளையும் கொன்றார்கள்.

அவற்றில் மிகப் பெரும்பாலானவை நோயே காணாதவை. பால் கறந்துகொண்டிருந்தவை, சினையாக இருந்தவை எல்லாம் அதில் அடக்கம். கூட்வைக்கர்புரூக் என்ற ஊரில் விவசாயிகள் சாலையை மறித்துப் போராடினார்கள். ஏன் கொன்றார்கள்? ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும், கோமாரி வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தத்திலும் இருக்கும். வழக்கமான சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஊசி போட்ட மாடு வெளியே புண்ணின்றி நலமாக இருந்தாலும், தொண்டைப் பகுதியில் வைரஸை மறைத்துவைத்திருக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தது. அது வெறும் பீதி இல்லை. 1959இலேயே நெதர்லாந்தின் வான் பெக்கும் குழுவினர், நீண்ட கம்பியின் முனையில் சிறு கிண்ணம் பொருத்தி, மாட்டின் தொண்டைச் சளியைச் சுரண்டி எடுத்து, தேறிய மாடுகளில் வைரஸ் மாதக்கணக்கில் தங்குவதைக் காட்டியிருந்தார்கள். அப்படித் தங்கும் வைரஸ் அந்த மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்குப் பரவும் என்பது ஆப்பிரிக்கக் காட்டெருமைகளைத் தவிர வேறெங்கும் ஐயமற நிறுவப்படவில்லை. இருந்தாலும் சந்தைக்கு அச்சம் ஒன்றே போதும்.

அன்றைய உலக விதி இப்படி இருந்தது: ஊசி போட்டவற்றையும் கொன்றுவிட்டால் மூன்று மாதத்தில் 'நோயற்ற நாடு' என்ற தகுதி திரும்பும், உயிரோடு விட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். ஏற்றுமதியை நம்பி வாழும் நாட்டுக்கு அந்த ஒன்பது மாத வேறுபாட்டைத் தாங்க முடியவில்லை.

அதே ஆண்டில் தென் அமெரிக்காவின் உருகுவேயிலும் கோமாரி புகுந்தது. ஏப்ரல் மாதம், அர்ஜென்டினாவை ஒட்டிய சொரியானோ பகுதியில். அவர்களும் முதலில் கொல்லத்தான் தொடங்கினார்கள். சில ஆயிரம் கால்நடைகளோடு நிறுத்திக்கொண்டு, நாட்டின் ஏறக்குறைய ஒரு கோடி மாடுகளுக்கும் இரண்டு சுற்று ஊசி போட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட செம்மறியாடுகளுக்குப் போடவில்லை. சில மாதங்களில் நோய் நின்றது. பிறகு நாடெங்கும் மாட்டு ரத்தமும் ஆட்டு ரத்தமும் எடுத்துச் சோதித்தார்கள். ஊசியே போடாத செம்மறிகள் அதே புல்வெளிகளில்தான் மேய்ந்தன. அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டால் வைரஸ் இன்னும் உலவுகிறது என்று பொருள். மாடுகளைச் சோதிக்கத்தான், ஊசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் பிரித்துக் காட்டும் சோதனை தேவைப்பட்டது. 2003இல் 'தடுப்பூசியோடு நோயற்ற நாடு' என்ற தகுதி உருகுவேக்குத் திரும்பக் கிடைத்தது.

இரு நாடுகளின் நிலைமை ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். உருகுவே ஊசியோடு கூடிய தகுதியில் நிறைவடைந்தது. நெதர்லாந்துக்கு ஊசியற்ற தகுதி வேண்டியிருந்தது. ஆனாலும் என் மனத்தை இன்றுவரை அறுப்பது ஒன்று. பிரித்துக் காட்டும் சோதனை 2001இல் இருந்தது. இத்தாலியின் பிரேசியா ஆய்வகத்தார் முதலானோர் 1997இலேயே அதை வெளியிட்டுவிட்டார்கள். பிரேசில் நாட்டிலிருந்து இயங்கும் அகில அமெரிக்கக் கோமாரி மையம் அதற்கும் முன்பே ஒன்றை உருவாக்கிக் களத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்தது. கருவி வந்துவிட்டது, விதிப் புத்தகம்தான் அதற்கு இடம் தரவில்லை. 2002 மே மாதத்தில்தான் உலகக் கால்நடை நல அமைப்பு விதியை மாற்றி, இந்தச் சோதனையால் நாட்டைக் கண்காணித்தால் ஆறு மாதம் போதும் என்றது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம், ஊசி போட்டு உயிரோடு விடும் வழியைச் சட்டமாக்கியது. அந்த 2 லட்சம் கால்நடைகளுக்கு இந்த விதிகள் ஓராண்டும் ஈராண்டும் தாமதமாக வந்தன.

சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சபையில் மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

கோமாரி வைரஸ் மிகச் சிறியது. 1898இல் லோஃப்லர், ஃபுரோஷ் என்ற இரு ஜெர்மானியர்கள், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்துபோகும் ஏதோ ஒன்றுதான் இந்த நோயைத் தருகிறது என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. அதன் மரபுச் சரம் 8,000 எழுத்துகளைச் சற்றுத் தாண்டும். அந்தச் சரம் இரண்டு வகைப் புரதங்களுக்கு ஆணை வைத்திருக்கிறது. ஒரு வகை, வைரஸின் மேலோட்டை அமைப்பது. இன்னொரு வகை, மாட்டின் உயிரணுவுக்குள் புகுந்த பிறகு, புதிய வைரஸ்களை உண்டாக்குவதற்காக மட்டும் செய்துகொள்வது. வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுகிறார். வீடு முடிந்ததும் பிரித்துவிடுகிறார். இரண்டாம் வகைப் புரதங்கள் சாரத்தைப் போன்றவை. முடிந்த வைரஸின் மேலோட்டில் அவை இரா. வைரஸ் பெருகிய உயிரணுக்களில் மட்டுமே இருக்கும்.

தடுப்பூசி ஆலையில் வைரஸைப் பெரிய தொட்டிகளில் வெள்ளெலிச் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்து, வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, சுத்திகரித்து, எண்ணெயோடு கலந்து ஊசியாக்குகிறார்கள். சுத்திகரிக்கும்போது சாரப் புரதங்கள் நீங்கிவிடுகின்றன. செயலிழந்த வைரஸ் மாட்டின் உடலில் பெருகாது, அதனால் அங்கேயும் அவை உண்டாகா. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் மேலோட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும். நோய் கண்ட மாட்டிலோ வைரஸ் பெருகியிருக்கிறது. இரண்டு வகைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். இவ்வளவுதான் அடிப்படை. இதன் விதை 1966இல் அமெரிக்காவின் பிளம் தீவு ஆய்வகத்தில் விழுந்தது. கோவன், கிரேவ்ஸ் இருவரும், நோய் கண்ட மாடுகளில் தென்படும் தனி எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டார்கள். ஆனால் அவர்கள் பிடித்த புரதம் 3டி எனப்படுவது. பல தடவை ஊசி போட்ட மாடுகளிலும் அதற்கு எதிர்ப்பொருள் வந்தது. 3ஏ, 3பி, 3சி ஆகியவை சேர்ந்த துண்டு அதைவிட நம்பகமானது என்று தெளிவாக இன்னும் 30 ஆண்டுகள் ஆயின.

ஆய்வக மேசைமேல் இது எப்படி இருக்கும்? உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, 12 பத்தி, ஆக 96 குழிகள். குழிகளின் அடியில் அந்தச் சாரப் புரதத்தை முன்பே ஒட்டவைத்திருப்பார்கள். மாட்டுச் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரை, நீர்க்கச் செய்து ஒவ்வொரு குழியிலும் இடுவோம். எதிர்ப்பொருள் இருந்தால் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கழுவுவோம். மாட்டு எதிர்ப்பொருளைப் பற்றக்கூடிய, நொதி இணைத்த இன்னொரு பொருளை இடுவோம். மறுபடி கழுவுவோம். கடைசியில் நிறம் தரும் கரைசல். சில நிமிடங்களில் சில குழிகள் நிறம் ஏறும், சில வெளிறியே நிற்கும். நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை. ஒளியளக்கும் கருவி எண்ணாகத் தரும். தட்டைக் கழுவும் வேலையில் சோம்பல் காட்டினால் நோயில்லாத மாடும் நிறம் ஏறி நிற்கும். அதைவிட முக்கியம் ரத்தம் எடுக்கும் விதம். எடுத்த குழாயைச் சாய்த்துவைத்து உறையவிட வேண்டும். பைக்கில் குலுக்கிக்கொண்டு வந்து சிவந்துபோன சீரத்தை ஆய்வகத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. தெளிந்து, வைக்கோல் நிறத்தில் வரும் சீரத்தைக் கண்டாலே, அனுப்பிய ஆய்வாளரை நோக்கிக் கைகூப்பத் தோன்றும்.

இந்தியாவுக்கு வருவோம். முதலில் வெக்கை நோய். நம் தாத்தாக்கள் ஊரையே காலிசெய்த நோய் என்று சொன்னார்களே, அது. இந்தியாவில் அதன் கடைசித் தாக்குதல் 1995இல், நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் பதிவானது. வெக்கைத் தடுப்பூசி அருமையானது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் காக்கும். ஆனால் நோயால் வந்த எதிர்ப்பொருளையும் ஊசியால் வந்ததையும் பிரிக்கும் சோதனை அன்று கையில் இல்லை. ஆகவே நோய் போய்விட்டது என்று நிறுவ ஒரே வழி, ஊசியையே நிறுத்துவது. நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு பிறந்த கன்றுகளின் ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் இல்லை, ஆகவே வைரஸும் இல்லை. 2006இல் இந்தியாவுக்குத் தொற்றற்ற நாடு என்ற தகுதி வந்தது; 2011இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டது. ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் நம் கால்நடை மருத்துவர்கள் எத்தனை இரவு கவலையோடு கழித்திருப்பார்கள்!

கோமாரியில் அந்த வழி நமக்கு இல்லை. வெக்கைக்கு ஒரே வகை. கோமாரிக்கு இந்தியாவிலேயே ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை உலவுகின்றன. ஊசியின் காப்பு மாதக்கணக்கில்தான், ஆண்டுக்கு இருமுறை போட வேண்டும். தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் தங்கும். இந்த நிலையில் ஊசியை நிறுத்திப் பார்ப்போம் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ஊசி போட்டுக்கொண்டே, ஊசிக்குப் பின்னால் வைரஸ் நடமாடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இந்தச் சோதனையை விட்டால் வேறு கதியில்லை.

கோமாரிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2003-04இல் 54 மாவட்டங்களில் தொடங்கியது. 2010-11இல் தமிழகம் முழுவதையும் சேர்த்து 221 மாவட்டங்களாக விரிந்தது. 2019 செப்டம்பரில் நாடு முழுமைக்குமான திட்டமாயிற்று. வெளிநாட்டுச் சோதனைப் பெட்டிகளை வாங்கி இத்தனை கோடிக் கால்நடைகளைக் கண்காணிக்க நம்மால் ஆகாது. இமயமலை அடுக்கில் முக்தேசுவரத்தில் இயங்கிய கோமாரி ஆய்வு இயக்ககத்தார், 3ஏபி3 என்ற புரதத்தைப் பாக்டீரியாவில் விளையவைத்து, உள்நாட்டிலேயே ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அந்த நிறுவனம் இப்போது புவனேசுவரத்தில் இருக்கிறது. மாநில ஆய்வகங்களுக்கு அந்தப் பெட்டிதான் போகிறது. பெரிய விளம்பரமில்லாமல் நடந்த வேலை. அதை இந்த மேடையிலிருந்து நன்றியோடு குறிப்பிடுவது என் கடமை.

2013இல் தென்மாநிலங்களில் கோமாரி கடுமையாகப் பரவியதை இங்கிருக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். வாயில் நூலாய் எச்சில் ஒழுக, காலை உதறிக்கொண்டு, மடியில் கன்றை அண்டவிடாமல் நின்ற கறவைகள். ஓர் ஊரில் ஒரு அம்மா என்னை நேராகக் கேட்டார்: "டாக்டரய்யா, ஊசி போட்ட பொறவுதான வந்துச்சு? ஊசியாலதான வந்துச்சு?" அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. ஊசி போடுமுன்பே வைரஸ் அந்த மாட்டுக்குள் போயிருக்கலாம். ஊசி வழியில் வெயில்பட்டுக் கெட்டிருக்கலாம். ஊசியின் வைரஸும் ஊரில் உலவும் வைரஸும் பொருந்தாமலிருக்கலாம். ஒரே ஊசிமுனையைக் கழுவாமல் வீடுவீடாகக் கொண்டுபோனதும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிய ஊசி போடுமுன் எடுத்த ரத்தம் நம் கையில் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல முடிந்ததே தவிர, விடை சொல்ல முடியவில்லை.

இனி, இந்தச் சோதனையைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நோய் காணாத 100 மாடுகளில் 99ஐச் சரியாகச் சொல்லும் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக நல்ல சோதனை. நோயே இல்லாத வட்டாரத்தில் 500 மாடுகளைச் சோதித்தால் ஐந்து மாடுகள் நோய் கண்டவையாகத் தெரியும். உண்மையில் 10 மாடுகளுக்குத் தொற்று இருந்து, அவற்றில் ஒன்பதைச் சோதனை பிடித்தால், ஏறக்குறைய 14 குழிகள் நிறம் ஏறும். அதில் ஐந்து பொய். எது பொய், எது மெய் என்று தட்டு சொல்லாது. ஆகவே ஒரு தனி மாட்டின் முடிவை வைத்து அதைச் சந்தைக்கு விடாதே என்பதும், கூட்டுறவுச் சங்கம் அதன் பாலை மறுப்பதும் அநியாயம். வேறு புரதத்தை இலக்காகக் கொண்ட இரண்டாவது சோதனை வேண்டும். நிறம் ஏறியவை ஒரே கொட்டிலைச் சேர்ந்தவையா, ஊரெங்கும் சிதறியவையா என்று பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து அதே மாடுகளில் மறுபடி எடுத்தால் எண்ணிக்கை கூடியிருக்கிறதா? கூடினால் வைரஸ் நடமாடுகிறது. இது மந்தைக்கான சோதனை.

மறுபக்கமும் உண்டு. நன்றாக ஊசி போட்ட மாட்டில் தொற்று ஏற்பட்டால், வைரஸ் கொஞ்சமே பெருகும். சாரப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் மிகக் குறைவாக எழும் அல்லது எழாமலே போகும். அப்படிப்பட்ட மாட்டைச் சோதனை தவறவிடலாம். அதனால்தான் பல மாடுகளைச் சேர்த்துப் பார்க்கிறோம்.

எந்த மாட்டில் ரத்தம் எடுப்பது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. நோய் கண்ட மாட்டில் இந்த எதிர்ப்பொருள் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். வயதான பசுவைச் சோதித்தால் கிடைப்பது பழைய கதை. பிறந்த கன்றைச் சோதித்தால் சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழப்பும். ஆறு மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடைப்பட்ட இளங்கன்றுகளே நமக்கு வேண்டியவை. அவற்றின் ரத்தத்தில் தென்பட்டால், வைரஸ் அண்மையில் அந்த ஊருக்குள் வந்துபோயிருக்கிறது. களத்தில் நடப்பது என்ன? பழகிய, கட்டுக்கடங்கும் கிழப்பசுவைப் பிடித்து எடுத்துவிட்டு, படிவத்தில் வயதைக் குறைத்து எழுதுகிறார்கள். துள்ளுகிற கன்றைப் பிடிக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். இரண்டு உதவியாளர்களைக் கொடுத்துவிட்டு மாதிரி கேளுங்கள் என்று மேலிடத்துக்குச் சொல்ல இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது தடுப்பூசியின் தூய்மை. சுத்திகரிப்பு சரியில்லாத ஊசியில் சாரப் புரதம் மிச்சம் இருக்கும். ஒருமுறை போட்டால் தெரியாது. ஆண்டுக்கு இருமுறை, ஐந்தாறு ஆண்டு போட்டுவந்தால், நோயே காணாத மாட்டின் ரத்தமும் நிறம் ஏறத் தொடங்கும். அன்று இந்தச் சோதனை பயனற்றுப்போகும். ஒரே கன்றுகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, சாரப் புரத எதிர்ப்பொருள் எழவில்லை என்று உறுதி செய்த பிறகே ஒரு தொகுதியை வாங்க வேண்டும். விலைப்புள்ளியில் குறைந்த விலையை மட்டும் பார்ப்பது இங்கே பொருந்தாது.

கோமாரியில் நாம் அதிர்ஷ்டசாலிகள். சோதனைக்கு வழி இயல்பாகவே அமைந்தது. பன்றிகளின் ஆயெஸ்கி நோயில் அதைத் திட்டமிட்டே அமைத்தார்கள். ஹங்கேரியின் பார்தா உருவாக்கிய வலுவிழந்த வைரஸில் ஜி-ஈ என்ற ஒரு புரதம் இல்லை. ஊசி போட்ட பன்றிக்கு அதற்கெதிரான எதிர்ப்பொருள் வராது. நெதர்லாந்தின் வான் ஆயர்ஷாட் 1980களில் அதைப் பிடிக்கும் சோதனையைச் செய்தார். பல நாடுகள் ஊசி போட்டபடியே அந்த நோயைத் துடைத்தெறிந்தன. பறவைக் காய்ச்சலில் இத்தாலியின் இலாரியா கபுவா குழுவினர், உலவும் வைரஸிலிருந்து ஒரு புரதத்தின் வகையில் வேறுபட்ட வைரஸால் ஊசி செய்து இதே பயனைப் பெற்றார்கள்.

இப்போது நம் வாசலில் நிற்பவை மாடுகளின் தோல் கழலை நோயும் ஆட்டுக்கொல்லி நோயும். இரண்டுக்கும் இன்று களத்தில் இருப்பவை உயிருள்ள, வலுவிழந்த தடுப்பூசிகள். நன்றாகக் காக்கின்றன, போட்டே தீர வேண்டும். ஆனால் போட்ட ஆட்டையும் நோய் கண்ட ஆட்டையும் ரத்தத்தால் பிரிக்க வழியில்லை. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்து ஒழிப்பது இலக்கு. வெக்கையில் செய்ததைப் போல் மறுபடியும் ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? அடையாளம் நீக்கிய ஊசியும் அதற்கேற்ற சோதனையும் சேர்ந்தே வர வேண்டும். ஊசிக்கு உரிமம் தரும்போதே, 'இதை எப்படிப் பிரித்தறிவாய்?' என்று கேட்கும் விதி நம் நாட்டில் வர வேண்டும். இங்கே முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களே, இதைவிடத் தேவையான தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

கோமாரியற்ற மண்டலமாக்க மத்திய அரசு எடுத்துக்கொண்டிருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2019 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் சுமார் 95 லட்சம் மாடுகள். வரும் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கொட்டில்களுக்கு நம் மருத்துவர்கள் ரத்தக் குழாயோடு போகப்போகிறார்கள். ரத்தம் கொடுப்பவருக்கு அதன் முடிவு இதுவரை பெரும்பாலும் போய்ச் சேர்ந்ததில்லை. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை இருக்கிறது. உரியவரின் கைபேசி எண் பதிவில் இருக்கிறது. 'உங்கள் ஊர்க் கன்றுகளின் ரத்தத்தைப் பார்த்தோம், கோமாரி நடமாட்டம் இல்லை' என்றோ, 'இருக்கிறது, அடுத்த ஊசியைத் தவறவிடாதீர்கள், புது மாடு வாங்கினால் இரண்டு வாரம் தனியே கட்டுங்கள்' என்றோ தமிழில் இரண்டு வரி அனுப்ப வேண்டும். இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. அடுத்த சுற்று ஊசி முகாமுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.